கடைமடையிலிருந்து கடைசி வீட்டுக்கு

கல்லணைக் கால்வாயின் கடைமடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்குமா, திறந்தால் பேராவூரணிப் பக்கத்து வாய்க்கால்களுக்கு எப்போது வந்து சேரும், மேல்மடைக்காரர்கள் எவ்வளவு மிச்சம் விடுவார்கள் என்பதுதான் எங்கள் திண்ணைகளில் கோடை முழுவதும் நடக்கும் பேச்சு. அந்தக் கவலையால்தான் எங்கள் பக்கத்தில் பலர் நெல்லைக் குறைத்துக்கொண்டு தென்னைக்கு மாறினார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அந்தத் தென்னையும் வேரோடு சாய்ந்தது. புதிதாகக் கன்று வைத்தால் நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை பிள்ளைகளின் படிப்பு காத்திருக்காது. கணவருக்கு மறைமலை நகர்ப் பக்கம் வேலை கிடைத்தது. 2019 கோடையில், வண்டலூரைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊராட்சியில் குடியேறினோம். கணவர், நான், இரண்டு பிள்ளைகள், மாமியார்.

புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய குடும்பங்கள் நிறைய. கூடுவாஞ்சேரி, முடிச்சூர், படப்பை என்று வீடு பார்த்துக்கொண்டிருக்கும் உறவுக்காரர்கள் இன்றும் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அங்கே எப்படி இருக்கிறது, மனிதர்கள் பேசுவார்களா?" என்று கேட்கிறார்கள். பேசுவார்கள். ஆனால் பேச்சு தொடங்கும் இடம் வேறு. ஊரில் உறவு முதலில் வரும். பொதுக்காரியம் அதன் பின்னால் வரும். சித்தப்பா வீட்டு வாய்க்கால் அடைத்தால் சித்தப்பாவுக்காகப் போய் வெட்டிவிடுவோம். புறநகரில் பொதுக்காரியம்தான் முதலில் வருகிறது. ஒரு குழாய், ஒரு சாக்கடை, ஒரு குப்பைத்தொட்டி ஆகியவற்றின் வழியாகத்தான் இங்கே ஒருவரை ஒருவர் அறிகிறோம். உறவு அதற்குப் பிறகு, மெதுவாக, ஆனால் உறுதியாக வருகிறது. இதைப் புரிந்துகொண்டவர்களுக்கு இந்த இடம் சீக்கிரம் பழகிவிடும். "யாரும் வந்து விசாரிக்கவில்லையே" என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பழகவே பழகாது.

எங்களுக்கு வழி திறந்தது தண்ணீர்தான். 2019 கோடையை இந்தப் பக்கத்தில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த ஆண்டு அது. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் காற்றை இறைக்கத் தொடங்கின. மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் ஊராட்சித் தண்ணீர்தான் எல்லாருக்கும் ஆதாரம். எங்கள் வீடு அந்தக் குழாயின் கடைசி வீடு. தெருவின் முதல் பாதியில் தண்ணீர் பாயும் சத்தம் கேட்கும். எங்கள் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வரும். மாமியார் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "இங்கேயும் கடைமடைதானா?" என்று கேட்டார்.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. முதலில் இருக்கும் வீடுகளில் சிலர் ஊராட்சிக் குழாயோடு நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினார்கள். இது விதிப்படி குற்றம். புகார் கொடுத்தால் ஆட்கள் வந்து மோட்டாரை எடுத்துச் செல்லலாம். கணவர் அதைத்தான் செய்ய நினைத்தார். மாமியார் தடுத்தார். ஊரில் ஒரு மடைத் தகராறு அண்ணன் தம்பிகளைக் கடைசி வரை பேசவிடாமல் செய்ததைப் பார்த்தவர் அவர். முறை வைத்துத் தண்ணீர் விட்டபோது, அதே மனிதர்கள் இரவில் அரிக்கேன் விளக்கோடு மடையில் ஒன்றாக உட்கார்ந்திருந்ததையும் பார்த்தவர்.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்குத் தண்ணீர் திறந்தார்கள், எங்கள் குழாயில் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் நிரம்பியது, எப்போது நின்றது. சில வாரங்கள் எழுதிய பிறகு, எங்கள் வரிசையில் இருந்த மற்ற இரண்டு வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனேன். வார நாளில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மாலை. குற்றம் சொல்லவும் இல்லை. நோட்டைக் காட்டி, "முதல் அரை மணி நேரம் யாரும் மோட்டார் போடாமல் இருந்தால் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறிவிடும். அதற்குப் பிறகு உங்களுக்கும் வரும்" என்று மட்டும் கேட்டோம். அந்த வீட்டு அம்மா நோட்டை நிதானமாகப் படித்தார். அவரும் கணவரும் காலை ஏழு மணிக்குள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். மோட்டாரைப் போட்டு, தொட்டி நிரம்பியதும் அணைத்துவிட்டு ஓடுவதுதான் அவர்கள் பழக்கம். தெருவின் அந்தக் கோடியில் என்ன நடக்கிறது என்பது அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. தண்ணீர் வராதது வராத வீட்டுக்காரருக்கு மட்டும்தானே தெரியும்.

நடுவில் குடியிருந்த ஆசிரியை ஒருவர் வாட்ஸ்அப்பில் தண்ணீருக்கென்றே ஒரு குழு தொடங்கினார். தொட்டி திறந்ததும் ஒருவர் அதில் எழுதுவார். கடைசி வீடு நிரம்பியதும் நான் எழுதுவேன். ஒரே ஒரு வீடு மட்டும் சில மாதங்கள் ஒத்துவரவில்லை. தெருவே முறைப்படி நடக்கும்போது ஒரு மோட்டார் மட்டும் ஓடினால் அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்கும். அவர்களும் நிறுத்திவிட்டார்கள். இதிலிருந்து நான் எல்லாருக்கும் சொல்வது: குறை இருந்தால் குறித்து வையுங்கள், நேரில் போங்கள், தனியாகப் போகாதீர்கள், செய்யக்கூடிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். குழுவில் எழுதிச் சண்டை போட்ட எந்தப் பிரச்சினையும் எங்கள் தெருவில் தீர்ந்ததில்லை. நேரில் போய்ப் பேசியவற்றில் பெரும்பாலானவை தீர்ந்திருக்கின்றன.

லாரித் தண்ணீர் வாங்குவதும் ஊர்க்காரர்களுக்குப் புதிது. 12,000 லிட்டர் லாரியை முழுதாக வாங்க நம் நிலத்தடித் தொட்டியில் இடம் இல்லையென்றால் பக்கத்து வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளலாம். பழக்கம் ஏற்பட அதுவும் நல்ல வழி. குழாயைத் தொட்டிக்குள் விடுவதற்கு முன் ஒரு வாளியில் பிடித்து நிறத்தையும் வாடையையும் பாருங்கள். உப்பு இருந்தால் நாக்கிலேயே தெரியும். லாரி போனதும் தொட்டி மூடியை இறுக்க மூடுங்கள். குழந்தைகள் விழும் ஆபத்து ஒருபுறம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கி நிற்கும் சுத்தமான நீரில்தான் முட்டையிடும் என்பது மறுபுறம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மொட்டை மாடியில் கிடக்கும் பழைய வாளி, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்து ஊற்ற வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு அமைப்பு எல்லா வீடுகளுக்கும் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2003-ல் சட்டம் வந்தது. இந்தப் பகுதியில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அந்தக் குழி இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் மணலும் சருகும் அடைத்துப் பயனற்றுக் கிடக்கிறது. புரட்டாசியிலேயே திறந்து, மேல் அடுக்கு ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட்டால், ஐப்பசி மழை முழுவதும் உள்ளே இறங்கும். வாய்க்கால் தூர் வாருவது நமக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையா என்ன?

இனி மனிதர்கள். ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைய "அண்ணி" என்ற குரல் போதும். குரல் கொடுத்துக்கொண்டே அடுப்படி வரை போய்விடுவோம். இங்கே கிரில் கேட் பூட்டியிருக்கும். அது நமக்கு எதிரான பூட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் எதிர்வீட்டில் அண்ணனுக்கு இரவுப் பணி, தங்கைக்கு அதிகாலைப் பணி. அந்த வீட்டின் பகல் நம் பகல் இல்லை. யார் வீட்டில் எப்போது தூங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி உரசல் வராது. அவர்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டித்தான் எங்கள் கிரைண்டர் இருந்தது. அதை எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றி, மாவு அரைப்பதை மாலைக்குத் தள்ளினேன். போவதற்கு முன் ஒரு போன் செய்வது இங்கே மரியாதை. அது வேற்றுமை பாராட்டுவது ஆகாது. பலகாரம் கொடுத்த கிண்ணம் மட்டும் இங்கேயும் காலியாகத் திரும்புவதில்லை. அந்த வழக்கம் ஜிஎஸ்டி சாலையைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறது.

கேள்விகளைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர், யார் வீடு, என்ன ஆட்கள் என்று கேட்போம். இந்த மூன்றாவது கேள்வியை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது. ஊரின் நெருக்கத்தை நினைத்து ஏங்குகிறோம். அந்த நெருக்கம் தெருவுக்குத் தெரு அளந்து கொடுக்கப்பட்டதுதான் என்பதையும் நினைக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு தெருவுக்குள் செருப்பில்லாமல் நடந்த பெரியவர்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இங்கே தண்ணீர்க் குழுவில் இருக்கும் வீடுகளில் யார் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவர் வீட்டில் தொங்குகிறது. புறநகர் எனக்குக் கொடுத்தவற்றில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். இங்கே சாதி இல்லை என்று சொல்லவில்லை. வாடகைக்கு வீடு தேடும்போது "சைவமா?" என்று கேட்பார்கள், கேட்பது சமையலைப் பற்றி மட்டும் இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அப்படிக் கேட்ட ஒரு வீட்டிலிருந்து நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். தெருவில் நாமாவது அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கலாம்.

ஊரில் கற்ற தொழில் இங்கே வீணாகப் போகும் என்று நினைத்து யாரும் மனம் தளர வேண்டாம். எங்கள் பின்வீட்டில் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் வாசலில் இரண்டு தென்னை. ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவருடைய மரத்தின் உச்சி என் கண்ணுக்கு நேராக இருந்தது. விரிந்த மட்டைகளில் கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண வெட்டுகள். குருத்தின் அடியில் மென்று துப்பிய நார் வெளியே தள்ளியிருந்தது. காண்டாமிருக வண்டு. எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக்கூட அந்த அடையாளம் தெரியும். அவர் இரண்டு ஆண்டுகளாக உரம் போட்டுக்கொண்டிருந்தார். மரம் தேறவில்லை என்று வெட்டிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அவரிடம் போய், "ஐயா, வெட்ட வேண்டாம், உள்ளே வண்டு இருக்கிறது" என்றேன். ஏணி வைத்து, மரம் ஏறத் தெரிந்த கட்டட வேலைப் பையன் ஒருவனை ஏற்றினோம். நீளமான கம்பிக் கொக்கியைக் குருத்தின் ஓட்டைக்குள் விட்டுத் திருகி இழுத்தான். பளபளவென்று கறுப்பாக, மூக்கில் கொம்போடு கட்டைவிரல் பருமனில் ஒரு வண்டு கொக்கியில் குத்திக்கொண்டு வந்தது. பெரியவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, குருத்தை அடுத்த மூன்று மட்டைகளின் இடுக்குகளில் போடச் சொன்னேன். மதில் ஓரத்தில் அவர் குவித்து வைத்திருந்த மாட்டெருவைக் கிளறிப் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. வண்டு பெருகிய இடமே அதுதான். எருக்குவியலை அகற்றினார். அடுத்த ஆண்டு அந்த மரத்தின் முதல் குலையை வெட்டியபோது ஒரு சாக்கு நிறையத் தேங்காய் எங்கள் வாசலுக்கு வந்தது. அன்றிலிருந்து தெருவில் யார் வீட்டுத் தென்னைக்கு என்ன வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தோப்பு இழந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வார்த்தை இல்லை.

மரங்களால் மனஸ்தாபமும் வரும். முருங்கையை மதிலை ஒட்டி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக ஒட்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் மேல் ஒன்று ஊர்ந்தாலும் உடல் முழுவதும் தடித்துவிடும். தென்னை வைப்பதானால் காய் விழும் இடத்தில் கார் நிற்குமா, ஆள் நடப்பார்களா என்று பார்த்து வையுங்கள். மரம் ஏறும் ஆள் இங்கே எளிதில் கிடைப்பதில்லை என்பதால், குட்டை ரகமே உத்தமம்.

மாமியாரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம் இருந்தது. வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம், படிக்கிறவருக்குப் பள்ளி, எனக்குக் கடைத்தெருவும் தெருக்குழுவும். எழுபது வயதைத் தாண்டியவருக்கு இங்கே என்ன இருக்கிறது? ஊரில் திண்ணையில் உட்கார்ந்தால் உலகம் அவரைக் கடந்து போகும். இங்கே கட்டப்படும் வீடுகளில் திண்ணை இல்லை. ஆளுயர மதில்தான் இருக்கிறது. நாங்கள் செய்தது சின்னக் காரியம். கேட்டை ஒட்டி உள்பக்கம் ஒரு சிமெண்டு பெஞ்ச் போட்டு, மாலை ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்து வைத்தோம். முதலில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பூ விற்கும் பெண் கூடையை இறக்கி வைத்துப் பேச ஆரம்பித்தார். பிறகு இரண்டு வீடு தள்ளி, மகளோடு வசிக்கும் ஆந்திரப் பாட்டி வந்தார். அவருக்குத் தமிழ் அரைகுறை. மாமியாருக்குத் தெலுங்கு சுத்தமாகத் தெரியாது. முழங்கால் வலிக்கும் மருமகள் கதைக்கும் மொழி தடையாக இருக்கவில்லை. 2020-ல் ஊரடங்கு வந்து பெஞ்ச் காலியானபோது இருவரும் அவரவர் மொட்டை மாடியில் நின்று கை அசைத்துக்கொண்டார்கள். வயதானவர்களோடு குடிவருகிறவர்கள் வீட்டுக்குள் என்ன வசதி செய்வது என்று யோசிப்பதைவிட, தெருவைப் பார்த்து உட்கார ஓர் இடம் செய்து கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கழிவுநீர்த் தொட்டி பற்றி இரண்டு வரி, ஆனால் உறுதியாக. பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகளே இங்கே அதிகம்; மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அடைப்பு என்று யாராவது ஒரு மனிதரை உள்ளே இறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், உள்ளே இருக்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். இயந்திரம் வரத் தாமதமாகும் என்றால் காத்திருங்கள்.

பாம்புக்கும் ஊர் வழக்கம் இங்கே வேண்டாம். காலி மனைகளில் சீமைக்கருவேலமும் கட்டடக் கழிவும் கிடப்பதால் மழைக்காலத்தில் பாம்பு வருவது சகஜம். கம்பு எடுக்காமல் 101-க்குக் கூப்பிட்டால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துச் செல்கிறார்கள். பாம்பைப் பற்றிய தலைமுறை அறிவுள்ள இருளர் மக்கள் வாழும் மாவட்டம் இது. 1978-ல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. கடிபட்டுவிட்டால் கீறுவது, கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஊராட்சிப் பகுதியில் குடியிருப்பவர்கள் பலருக்குத் தாங்கள் ஓர் ஊராட்சியில் இருக்கிறோம் என்பதே நினைவில் இருப்பதில்லை. முகவரியில் சென்னை என்று எழுதுகிறார்கள். வாக்கு சொந்த ஊரில் இருக்கிறது. செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில். புதிய மாவட்டங்களுக்கான ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதற்குள் வாக்காளர் அட்டையை மாற்றிக்கொண்டதால் எங்கள் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கும் வாக்கு இருந்தது. வாக்கு வைத்திருக்கும் தெருவின் குரலுக்குத் தனி மரியாதை உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முகவரி மாற்றத்துக்கு இப்போது படிவம் 8. குடும்ப அட்டையையும் அதோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

கிராம சபைக்கு அவசியம் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஊரில் கிராம சபையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கே ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள பகுதியில் சபைக்கு வந்திருந்த கொஞ்சம் பேரைப் பார்த்தபோது மனம் கனத்தது. படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள், விடுமுறை நாளில் வீட்டில் தூங்குகிறார்கள். அதே மனிதர்கள் சாலை சரியில்லை என்று ஆண்டு முழுவதும் குமுறுகிறார்கள். நாங்கள் தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் கேட்டு, எந்தத் தெரு, எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம் வரை, எத்தனை வீடுகள் என்று எழுதிக் கொடுத்தோம். வாயால் சொன்னது காற்றில் போகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கேட்டு, அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வர வேண்டும். விளக்கு அடுத்த சபைக்குள் வந்தது. வடிகால் வர அதிக காலம் ஆனது, ஆனால் வந்தது.

கடைசியாக, இன்னும் மனை வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். ஏரிக்கு ஏரி தண்ணீர் இறங்கிப் போகும் சங்கிலி இது. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் எல்லாம் அடையாறு உருவாகும் நிலம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின என்று நாம் ஊரில் இருந்தே தொலைக்காட்சியில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தாழ்வான தெருக்களில் மறுபடியும் தண்ணீர் நின்றது. பெருங்களத்தூர் - நெடுங்குன்றம் சாலையை இரவில் ஒரு முதலை கடந்து போன காட்சியைப் பார்த்து ஊரே அதிர்ந்தது. அந்த ஏரிகளில் முதலை பல காலமாக இருக்கிறது. அதன் இடத்துக்கு நாம்தான் வந்திருக்கிறோம்.

ஏரி நிரம்பி வழியும் கலங்கல் எது, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் எது, ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு எது என்று நமக்குத் தெரியும். மனை விற்பவருக்கு அந்தச் சொற்கள் தெரியாது அல்லது தெரியாதது போல இருப்பார். நிலத்தின் சர்வே எண்ணை வாங்கி, வருவாய்த் துறை இணையதளத்தில் நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டையும் அதன் எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தையும் பாருங்கள். பக்கத்து எண்களில் ஓடை, வாய்க்கால், ஏரி என்று புறம்போக்கு இருந்தால் எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குத் தண்ணீர் போகும் என்று நீங்களே கோடு போட்டுப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான பிரிவுகளுக்குத்தான் அவை பொருந்தும். பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் வரைபடத்தில் இருந்தால் அது தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சில ஆண்டுகளில் அந்த இடத்தில் இன்னொரு வீடு நிற்கும்.

பிறகு அந்தத் தெருவிலேயே பழைய வீடு எது என்று விசாரித்து, அங்கே இருக்கும் வயதானவரிடம் 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் சுவரில் கைவைத்துக் காட்டினார். அவர் காட்டிய உயரத்துக்கு மேலே தரைமட்டம் உள்ள வீட்டைத்தான் எடுத்தோம். மிக்ஜாம் மழையின்போது அவர் குடும்பம் எங்கள் வீட்டு மாடியில்தான் தங்கியது.